ரெட் ஆக்சைடின் உள்சுவர்

தன் இரைப்பைக்குத் தானே பெயிண்ட் அடிக்கப் பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ரெட் ஆக்சைடு. பாதுகாப்புத் தொழிற்சாலையில் பெயிண்ட் செக்கிங் வேலை, அதனால் துருவுக்கு அடிக்கிற பெயிண்டின் பெயரே பட்டப்பெயர். யார் வீட்டில் புது பீரோ வாங்கினாலும் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "கோட்டிங் வீக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் காபியும் கேட்பார்.

உடம்பு பெருத்து முட்டி கெட்டதால் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கேட்டில் செக்யூரிட்டி, "உங்க அண்ணன் வரலையா சார்?" என்று அவரிடமே கேட்டான். அந்தப் பெருமை அடங்குவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்தது. டாக்டர் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையின் உள்சுவரில் புண்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரை கூடாதுன்னேனே, போட்டீங்களா?"

"சேச்சே!"

"மருந்து தர்றேன். ஆறலைன்னா மறுபடி ஆபரேஷன்தான்."

வெளியே வந்ததும் துணைக்குப் போன என் தோளைப் பிடித்தார். "உள்ள கோட்டிங் உரிஞ்சிகினு கீது நைனா. ரெண்டு கோட்டு அடிச்சா செட்டாயிடும்."

மறுநாள் மொட்டை மாடியில் பாய். வெறும் வயிற்றில் உருக்கின நெய்யைக் குடித்துவிட்டு, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவ வேண்டுமாம், மனிதர் உருண்டுகொண்டிருந்தார். பிறகு வெயிலில் வயிற்றைக் காட்டிப் படுத்தார்.

"இன்னாய்யா இது கூத்து?" என்றார் அவர் மனைவி மேரி அக்கா.

"காய வேணாமா?"

இன்னொரு சுற்று உருண்டார். லுங்கி மடிப்பிலிருந்து வலி மாத்திரை அட்டை விழுந்தது.

"அடப்பாவி மனுசா! கனந்தான் பூட்சே, இன்னுமா முட்டி வலிக்குது?"

"வலிக்கல. துரு வரதுக்கு மின்னாடியே பிரைமர் அடிக்கிறதில்ல? அந்த மாறி..."

அக்கா திட்டவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். "இன்னொரு தபா கத்தி வெச்சா நீ தாங்குவியா? அப்பறம் எனக்கு யாருய்யா கீறா?"

ரெட் ஆக்சைடு அட்டையை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். அன்றோடு மாத்திரையும் நின்றது, நெய்க் கோட்டிங்கும் நின்றது. டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மறுபடி குழாய் விட்ட நாளில் அக்கா என் கையை விடவே இல்லை. டாக்டர் கொடுத்த படத்தோடு ரெட் ஆக்சைடு வெளியே வந்தார். அதை மூலை மூலையாக மேய்ந்தார். இளஞ்சிவப்பாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னா பினிஷிங் பாத்தியா நைனா! பெயிண்டரே இல்லாம தானா ஆறிகீது!" என்றபடி அதையும் அக்கா கையில் கொடுத்தார்.

அடுத்தவர் இரைப்பைப் படத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.