துணிக்குச் சாணி மெழுகிய கதை

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கோணல்மாணலாகத்தான் எழுத வரும். பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நின்றால் எனக்கு வாயே திறக்காது. அந்தக் கூச்சம் செய்த கூத்து இது.

மானாம்பதிப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரை மழைக்கு மழை கரைந்துகொண்டிருந்தது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த கறுப்புத் துணியை ஓர் இன்ஜினியர் பெண் கொண்டுவந்து, கரையில் பத்தடிக்கு விரிக்கச் சொன்னது. மேலதிகாரிக்குப் பிடித்தால் கரை முழுக்க விரிப்பார்களாம். அப்படியானால் கரை வேலைக்குப் போன எங்கள் ஆறு பேருக்கும் மூன்று மாதம் வேலை கிடைக்கும்.

அதிகாரியை அழைத்துவர அந்தப் பெண் உத்திரமேரூர் போயிருந்தது. மற்றவர்கள் சோறு தின்னப் போனார்கள். நான் துணிமேல் கை கழுவினேன். தண்ணீர் சர்ரென்று கீழே இறங்கிவிட்டது.

அடப்பாவமே, ஓட்டைத் துணியைக் கொடுத்து யாரோ ஏமாற்றிவிட்டார்களே! (அந்தப் பெண் வரும்வரை பொறுத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால் நான் நானா?) நெல் அடிக்கும் களத்தை மெழுகுவதுபோல, இரண்டு வாளி சாணியைக் கெட்டியாகக் கரைத்து முழுக்க மெழுகிவிட்டேன். கோலம் ஒன்றுதான் பாக்கி. கரித்தூளும் கலந்திருந்ததால், வெயிலில் காய்ந்ததும் துணியைப் போலவே கறுப்பாகத் தெரிந்தது.

ஜீப்பில் அதிகாரி வந்தார். "தண்ணி எறங்கிடும், மண்ணு மட்டும் நிக்கும் சார்" என்று சொல்லி அந்தப் பெண் ஒரு குடம் ஊற்றியது. தண்ணீர் குட்டையாக நின்றது.

"என்னம்மா, மீன் வளர்க்கலாம் போலிருக்கே?" என்றார் அதிகாரி. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட வேலை செய்த முனியம்மா மோந்து பார்த்தாள். "இன்னாடி இது, சாணி நாத்தம் அடிக்குது? எவ பண்ண வேல இது?"

"நான்தான்... தண்ணி ஒழுவுதேன்னு..."

"ஐயோ ஆயா! ஒழுகணும்னுதான் இந்தத் துணியே!" என்று பெண் தலையில் கை வைத்துக்கொண்டது.

அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார். மூன்று மாத வேலையும் கூடவே நடந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ குரல்: "அய்யா, நில்லுங்க! கழுவித் தர்றோம்!"

துடைப்பத்தால் தேய்த்தோம். ஜமக்காளம் துவைப்பதுபோல மிதித்தோம். முனியம்மா என்னைத் திட்டத் திட்ட மிதித்தாள். மறுபடி ஊற்றினால் தண்ணீர் ஜோராக இறங்கியது. அதிகாரி துணியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இந்த அடிக்கே கிழியலயா? மழை என்ன செஞ்சுடப் போகுது! போடுங்கம்மா."

வேலை கிடைத்தது, மானம்தான் போனது. இன்றைக்கும் டீ வடிகட்டும்போது என் மருமகள், "அத்தே, அப்பால போ. இதையும் மெழுவிடப் போற" என்பாள். வீடே சிரிக்கும்.

அந்தத் துணிக்கு ஏதோ பெயர் சொன்னார்கள், மறந்துவிட்டது. பாட்டிலை உருக்கி நூலாக்குகிறார்கள் என்பது சரிதானா என்றும் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மெழுகியது நான்தானா என்று மட்டும் விசாரிக்க வேண்டாம். அதற்கு ஊரே சாட்சி.