ஆறாம் நம்பர் மலை

எனக்கு ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாது என்று எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள். இரண்டுமே உண்மை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான்தான். (இதை அப்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடமும் சொல்லிவிடுவேன்.) இரண்டாம் வருட விடுமுறையில், யாழ்ப்பாணத்துத் தோழி தர்ஷினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே இடுக்கில் விழும் அருவிக்கு அவளைக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு ஒரு திட்டமும் தயாரித்து, தலவாக்கலையில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். 'காலை 8.00 புறப்படல். 9.40 இளைப்பாறல். 10.15 அருவி. 10.15 முதல் 11.00 வரை ரசித்தல்.'

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டார்.

"நானும் வரட்டா புள்ள?"

"நீங்க எதுக்கும்மா? தெனமும் பாக்குற எடந்தானே. எங்கிட்ட மேப் இருக்கு."

அம்மா, காலில் ஏறி இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்று உப்பும் சவர்க்காரமும் தேய்த்த துணியைக் கட்டித் தந்தார். அதை வாசலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். படித்தவள் அட்டைக்குப் பயப்படலாமா?

ஒன்பதே முக்காலுக்கு மூடுபனி இறங்கியது. பத்து மணிக்கு மேப்பில் இருந்த பாதை தீர்ந்துபோனது. வெறும் பச்சை நிறத்துக்கு நடுவே ஒரு நீலப்புள்ளியாக நாங்கள் நின்றோம். அருவி எங்கோ இரைந்தது. தர்ஷினியின் காலில் நான்கு அட்டைகள், என் காலில் ஏழு. (எண்ணுவதில் நான் எப்போதும் கெட்டி.) மானத்தை விட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எந்த நம்பர் மலையில நிக்கிற?"

தர்ஷினி கண்ணை அகல விரித்தாள். "எடியே, உங்கட மலைக்கு நம்பரும் இருக்கோ?"

இருக்கிறது. எங்கள் ஊரில் மலை என்றால் தேயிலை நிற்கும் துண்டு நிலம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம், என்னைத் தவிர. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா ஒருநாள்கூட என்னை மலைக்கு வர விட்டதில்லை. 'நீ புஸ்தகத்தப் பாரு, கொழுந்த நான் பாத்துக்கிறேன்' என்பார்.

"தெரியலம்மா."

"கல்லுல வெள்ளையா எழுதியிருக்கும், பாரு."

பாசிக்கு நடுவே கண்டுபிடித்துவிட்டேன். "அம்மா, ஆறு!"

"ஐயோ! ஆத்துல விழுந்துட்டியா?"

"இல்லம்மா! ஆறாம் நம்பர் மலை!"

"அங்கேயே நில்லு. அசையாத."

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா மூச்சு வாங்க அழைத்தார். "ஆறுல நிக்கிறேன். நீ எங்க?"

"நானும் ஆறுலதாம்மா நிக்கிறேன்."

"கத்து."

கத்தினேன். தர்ஷினியும் கத்தினாள். போனில் மட்டும்தான் கேட்டதாம்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "மேட்டப் பாத்து நில்லு. அருவி சத்தம் எந்தக் காதுல கேக்குது?"

"வலது."

"ஆறுல நின்னா எடது காதுலதானே கேக்கணும். அடியே, அந்தக் கல்லு நேராவா இருக்கு?"

தர்ஷினி குனிந்து, தலையைக் கால்களுக்கிடையே விட்டுப் பார்த்தாள். மழையில் உருண்டு தலைகீழாய்க் கிடந்த கல். "எடியே கணக்கு! இது ஒன்பதெல்லோ!"

ஒன்பது, ஆற்றுக்கு அந்தப் பக்கம். அம்மா முழு மலையையும் இறங்கி, மறுபடி ஏறி வந்தார். பனிக்குள்ளிருந்து முதலில் அவர் குரலும், பிறகு நான் வாசலில் விட்டுவந்த துணியும் வந்தன. திட்டுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து முதலில் தர்ஷினியின் காலைத் துடைத்தார், அப்புறம் என்னுடையதை.

"ரோட்டுக்குப் போயிரலாமா?" என்றேன்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு? வாங்க."

பாறை இடுக்கில் இறங்கியபோது பனி விலகியது. மேலேயிருந்து தண்ணீர் எங்கள் முகத்தில் தூவியது. அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய் திறந்தபடி அண்ணாந்து நின்றார்.

"இருவத்தஞ்சு வருசமா சத்தம் மட்டுந்தான் புள்ள கேட்டிருக்கேன். வேல நேரத்துல யாரு எறங்கி வந்து பாக்குறது? இவ்வளவு ஒசரமா இது?"

காலையில் நான் சொன்ன 'தெனமும் பாக்குற எடந்தானே' மறுபடி என் காதில் கேட்டது. திட்டத்தாளில் ரசிக்க நாற்பத்தைந்து நிமிடம் போட்டிருந்தேன். அம்மா போதும் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குத்தான் சொன்னார்.

இப்போது நான் லிந்துலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. முதல் நாள் வாசலில் நின்று, "வந்துட்டேம்மா" என்று பெருமையாகப் போன் செய்தேன்.

"ரொம்ப சந்தோசம் புள்ள," என்றார் அம்மா. "உள்ள போறதுக்கு முன்னாடி போர்டு நேரா இருக்கான்னு பாத்துக்க."