சேர்த்துவைக்கும் பிரியாணி

நம் அடுக்குமாடிகளில் ஓர் இனம் வாழ்கிறது. அதன் பெயர் 'சேர்த்துவைப்பவர்'. மின்தூக்கி பழுதானால் இவர் கண்ணில் படமாட்டார். ஆனால் ஏதோ ஒரு வீட்டுப் பெண் வீங்கிய கன்னத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று காதில் விழுந்தால் போதும், வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, டாக்சி பிடித்து, அவள் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்போய்க் கதவைத் தட்டிவிடுவார். அடித்தவன் கதவை? அது அநாகரிகமாம்.

மார்சிலிங் வட்டாரத்துச் சவரிராஜ் அண்ணன் இவ்வினத்தின் திலகம். பெண்ணிடம், பிள்ளைகள் முகத்தைப் பார்க்கச் சொல்வார். கணவனிடம், "கொஞ்சம் பாத்து நடந்துக்க லா" என்று தோளைத் தட்டுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வீட்டிலேயே பிரியாணி. கணவன் மனைவிக்கு ஒரு வாய் ஊட்டுவான், எல்லோரும் கைதட்டுவார்கள், ஒரு புகைப்படம். பல் போனவள் வாயை மூடிச் சிரிப்பாள்.

அதே வட்டாரத்துப் பிரிஜட்டுக்கு இப்படி இரண்டு பிரியாணி ஆயிற்று. மூன்றாம் முறை அவள் கிளமெண்டியில் தங்கை உர்சுலா வீட்டுக்குப் போனாள். கணவன் தன்மேல் கைவைக்கக் கூடாதென்று உத்தரவு கேட்டு நீதிமன்றத்தில் மனுவும் போட்டாள். விசாரணைக்கு அவள் வராவிட்டால் மனு தள்ளுபடி. இது அண்ணனுக்குத் தெரியும். ஆகவே விசாரணை நாளன்றே பிரியாணிக்குச் சொல்லிவிட்டு, காலையில் டாக்சியில் வந்து இறங்கினார்.

"கோர்ட்டுக்குப் போனா நம்ம மானம் என்னம்மா ஆகும்?"

"மானம் மட்டும் நம்மது, அடி மட்டும் என்னதாண்ணே?"

அண்ணன் சளைக்கவில்லை. அவள் கணவன் கண்கலங்கினானாம், தேக்கா சந்தைக்குத் தானே போய் ஆட்டிறைச்சி வாங்கினானாம்.

"டாக்சி கீழ நிக்குதாண்ணே?" என்றாள் பிரிஜட்.

"உனக்காகத்தாம்மா நிக்குது."

அக்காளும் தங்கையும் இறங்கிப்போய் அதில் ஏறி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அண்ணன் பேருந்தில் மார்சிலிங் திரும்பினார்.

உத்தரவு கிடைத்தது. ஒரு தாள் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்துமா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் இனி அவன் கை ஓங்கினால், வருவது அண்ணன் அல்ல, போலீஸ். எந்தப் பிரியாணியும் அவளுக்கு இவ்வளவு தந்ததில்லை.

மார்சிலிங்கில் விருந்து நிற்கவில்லை. சமைத்ததை வீணாக்கலாமா? இவளும் வாயை அடக்கியிருக்கலாம் என்று பேசிக்கொண்டே எல்லோரும் எலும்பைக் கடித்தார்கள்.

நீங்கள் அங்கே இல்லை. நல்லது. ஆனால் பிரிஜட் அப்படி என்னதான் பேசி அவனைக் கிளப்பிவிட்டிருப்பாள் என்று, மேலே ஏதோ ஒரு வரியில், ஒரு கணம் யோசித்தீர்களா?

அப்படியானால் உட்காருங்கள். உங்களுக்கும் ஓர் இலை போட்டிருக்கிறது.