கழலாத ஹப்பும் கழன்றுகொள்ளப் பார்த்த ஹெர்பர்ட்டும்

குன்னூர் ஹெர்பர்ட் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். மச்சான் தங்கையாவின் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கோத்தகிரி போவதில்லை. பிரதிஷ்டையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அது முடிந்ததும், தங்கையா சொந்தமாக மெட்டுப்போட்ட பாட்டுகளைக் கீபோர்டில் வாசித்து நாலு நாள் ஆளை விடமாட்டாரே, அதுதான் பயம்.

பஸ்ஸில் ஏறினால் முதல் வளைவிலேயே ஹெர்பர்ட்டுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகவே மிஞ்சியது அவருடைய பழங்காலக் கறுப்புக் கார் மட்டும். மனைவி ஜூடித் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். பிரேக் வேலை என்று சொல்லி அதன் பின்சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புக் குடமான ஹப்பைக் கழற்றிப் போட்டால் தானும் கழன்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

ஹப் அசையவில்லை. கழற்றும் கருவியான புல்லரை மாட்டி இழுத்தார். சுத்தியலால் தட்டினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். ஜெபமும் பண்ணினார். கல்யாணமான புதிதில்கூடத் தானும் ஜூடித்தும் இப்படி ஒட்டிக் கிடந்ததில்லையே என்று அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

பிரதிஷ்டை அன்று காலை ஜூடித் டீயோடு வந்தாள்.

"ஏனுங்க, எங்கப்பா எஸ்டேட் லாரிக்கு ஒரு வழி பண்ணுவாரு. நட்டை ரெண்டு சுத்து லூசாக்கி, கழண்டு விழாம பின்னை மாட்டிட்டு, வளைவு ரோட்ல ஓட்டுவாரு. திருப்பத்துல ஹப்பு தானா விட்டுருமுங்க."

ஹெர்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்தது. கார் தெருமுனையிலேயே படுத்துவிட்டால் தங்கையாவுக்கு ஒரு போன், அவ்வளவுதான். நட்டை லூசாக்கிப் பின்னை மாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். ஜூடித்தும் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"சத்தம் கேக்க ஒரு ஆளு வேண்டாமுங்களா?"

சத்தம் கேட்கப் பட்டுச்சேலை எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. ஹப் மயக்கம் அப்படி. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை வீட்டுக்கே திருப்பப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் அவள், லேசாகச் சத்தம் கேட்டது, அடுத்ததில் நிச்சயம் விட்டுவிடும் என்றாள். தேயிலைத் தோட்டங்கள் போயின. வளைவுகள் போயின. கடைசியில் கோத்தகிரியே வந்துவிட்டது. தங்கையா வீட்டு கேட் முன்னால் கடைசித் திருப்பத்தில் 'டணார்' என்று ஒரு சத்தம்.

"விட்டுருச்சு!" என்று குதித்திறங்கினார் ஹெர்பர்ட். நட்டை இறுக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று டிக்கியைத் திறந்தார். உள்ளே அவருடைய வேட்டி, சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"ஸ்பேனரெல்லாம் எங்கே?"

"ஊட்லதானுங்க. அதையும் வெச்சா உங்க நாலு நாள் துணிக்கு எடம் ஏது?"

வீட்டுக்குள்ளே கீபோர்டு சுதி பிடித்தது. ஹெர்பர்ட் ஏக்கத்தோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். குன்னூர் வரையுள்ள வளைவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாங்க," என்றாள் ஜூடித். "கழண்டது ஹப்பு மட்டுந்தானுங்க."