சாய்த்து வைத்தால் வாசிக்கும் வாத்தியம்

நான் ஒரு சபதம் செய்தேன். நடு ஹாலில் நின்று, வலது கையை உயர்த்தி, மனைவியைச் சாட்சியாக வைத்துச் செய்த சபதம். "இன்னைக்குக் கச்சேரிக்குப் போவேன். கேட்பேன். கை தட்டுவேன். ஆனா ஒரு இசைத்தட்டுகூட வாங்காம திரும்பி வருவேன்!"

"பாப்போம்," என்றாள் என் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

என் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த விசித்திரக் குழு எந்தச் சந்தில் வாசித்தாலும் முன்வரிசையில் நான் இருப்பேன். ரம்பத்தை வில்லால் தேய்ப்பவர்கள், சைக்கிள் பம்பில் ராகம் பிடிப்பவர்கள், தண்ணீர் வாளியைச் சுற்றி உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டே இருப்பவர்கள், எல்லோரையும் கேட்டாயிற்று. கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. வெளியே வரும் வழியில் ஒரு மேஜை போட்டிருப்பார்கள். அதன் பின்னால் வாசித்தவரே வேர்த்து விறுவிறுத்து நிற்பார். தன் தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பார். நானோ கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். யார் கண்ணையாவது பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும். வாங்கிவிடுவேன்.

அப்படி வாங்கியவை ஓர் அலமாரி நிறைய, ஹாலின் ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. என் மனைவி திரைச்சீலை தைப்பவள். அந்த ஜன்னலோரம் அவளுக்கு வேண்டும். ஊருக்கெல்லாம் ஜன்னல் திரை தைக்கிறவள், தன் வீட்டில் படுக்கையறை மூலையில் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். போன வருஷமே சண்டை வந்தது.

"கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டறேன். கண்ணு போயிடும்."

"கடைக்கு வா, கண்ணாடி போட்டு விடறேன்."

"கண்ணாடி வேணாம், ஜன்னல் வேணும். அந்த ரூம்ல வெளிச்சமும் இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா உங்க குறட்டை வேற. மெஷின் ஓடற சத்தமே எனக்குக் கேக்கறதில்ல."

"நானா? குறட்டையா? எங்க பரம்பரையிலயே கிடையாது!"

"அப்புறம் ஏன் பக்கத்து வீட்டுக்காரர் செவுத்தைத் தட்டறாரு?"

"தாளம் போடறாரு. ஆதாரம் இருந்தா பேசு. இல்லைன்னா பேசாத."

அதற்குப் பிறகு குறட்டை என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை. வாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்து, ஞாயிறுதோறும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்றைய கச்சேரிச் செய்தியைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

"நான் மேடைத் திரை தைச்சுக் குடுத்தேன்ல, அந்த அரங்கத்துல சாயந்திரம் ஒரு குழு வாசிக்குதாம். போயிட்டு வாங்களேன்."

"நிஜமாவா சொல்ற?"

"ஆனா ஒண்ணு. வெறுங்கையோட வந்தீங்கன்னா அலமாரி அங்கேயே இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு தட்டு வந்தாலும் ஜன்னல் என் மெஷினுக்கு."

உடனே சபதம் செய்தேன். தானாக முன்வந்து கணவனைக் கச்சேரிக்கு அனுப்புகிறாளே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

மேடையில் மூன்று பேர். ஒருவர் கையில் ரம்பம். இன்னொருவர் வாயில் தோட்டத்துக் குழாய். நடுவில் ஒரு பெண், முன்னால் பித்தான்கள் வைத்த பெட்டி. அவள் ஒரு பித்தானை அழுத்தினாள்.

அடடா! எங்கோ பாதாளத்தில் ஆரம்பித்தது அந்த நாதம். மெல்ல மேலே ஏறியது. உச்சியில் சட்டென்று நின்றது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இனி வராது என்று எல்லோரும் முடிவு கட்டியபோது, சின்ன விசிலோடு கீழே இறங்கியது. ரம்பமும் குழாயும் பயந்துபோய் அதற்கு ஒத்து ஊதின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தரையைப் பார்த்தபடியே மேஜையைத் தாண்டிவிடத்தான் நினைத்தேன். கால் நின்றுவிட்டது.

"அது என்ன வாத்தியம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"ரொம்பப் பழசு சார். சரியான பராமரிப்பு இல்ல."

"எங்க கிடைச்சுது?"

"ஒரு வீட்ல. அந்தம்மாதான் குடுத்தாங்க."

"யாரு வாசிக்கறது?"

"ஆளே வேணாம் சார். சாய்ச்சு வச்சா தானா வாசிக்குமாம்."

"அற்புதம்! அந்தம்மாவுக்கு அதோட அருமை தெரியலையா?"

"தினமும் கேக்கறவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான். வாங்கிவிட்டேன்.

சட்டைக்குள் முதுகுப் பக்கம் தட்டைச் செருகிக்கொண்டு, பலகை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்ன, விறைப்பா நடக்கறீங்க?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

"சட்டையைக் கழட்டுங்க, தைலம் தேய்ச்சு விடறேன்."

"வேணாம் வேணாம், இது தானா போற வலி!"

அவள் அடுப்படிக்குப் போனதும் தட்டை அலமாரியில் பழைய தட்டுகளுக்கு நடுவே செருகினேன். வெறுங்கையை விரித்து நீட்டிக் காட்டினேன். அவள் பெருமூச்சு விட்டாள். பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஜெயிச்சுட்டீங்க. ஜன்னல்தான் போச்சு. இருக்கறதுலயே உசத்தியா ஒண்ணு போடுங்க, நானும் கேக்கறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. நெகிழ்ந்துபோனேன். நேற்று வாங்கியதையே எடுத்தேன்.

"இது எப்ப வாங்கினது?"

"இதுவா? நாலு வருஷம் இருக்கும்."

தட்டு சுற்றியது. அந்த நாதம் எழுந்தது.

"கேளு! என்ன கம்பீரம்! என்ன சோகம்! வாழ்க்கையில அடிபட்ட வாத்தியம் இது."

"ஆமா, அடிக்கணும் போலத்தான் இருக்கு," என்றாள்.

நாதம் உச்சிக்கு ஏறி நின்றது. "இப்ப ஒரு விசில் வரும் பாரு," என்றேன். வந்தது ஒரு பெண் குரல்.

"ஏங்க... கொஞ்சம் திரும்பித்தான் படுங்களேன்."

தொடர்ந்து ஓர் ஆண் குரல். என் குரல். "யாரு? நான் தூங்கவே இல்லையே."

தட்டோடு சேர்ந்து எனக்கும் தலை சுற்றியது.

"ஆதாரம் கேட்டீங்கல்ல?" என்றாள் சாந்தமாக. "அது சரி, போன வருஷம் நான் போன்ல எடுத்தது, நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின தட்டுல எப்படிங்க வந்துச்சு?"

தட்டிலிருந்து ரம்பம்தான் அழுதது.

அவள் எழுந்து அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "இத்தனை வருஷமா நான் சும்மா கேட்டதை, நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க. ம், அந்தப் பக்கம் தூக்குங்க."