கூட்டணிக்குத் தலைவன் மனிதன்

இன்று மனிதகுலத்தை விண்வெளிக் கூட்டணிக்குத் தலைமை ஏற்க வைக்காமல் கம்ப்யூட்டரை விட்டு எழுவதில்லை என்று ஜகதீசன் சபதம் எடுத்திருந்தான். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு மாலைக்குள் கதை போயாக வேண்டும். போன வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அச்சில் தன் பெயரைப் பார்க்கும் ஆசையில் அவனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. தண்ணீர் இறங்காததற்கு, அவன் குடியிருந்த ஹைதராபாத் உப்பலில் குழாய் வறண்டு கிடந்ததும் ஒரு காரணம்.

கதையில் பல கிரகத்து ஜீவன்கள் இருந்தன. செதில் உள்ளவை, வால் உள்ளவை, கூழாக வழிகிறவை. எல்லாமே மனிதனைவிடப் பலசாலி, புத்திசாலி. அப்புறம் மனிதன் எதற்கு? அந்த இடத்தில் கதை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க, கீழே அப்பார்ட்மென்ட் மீட்டிங். டேங்கர் தண்ணிச் சண்டை. போயிட்டு வாங்க" என்றாள் ரோகிணி.

போனால் டேங்கர் பொறுப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஜகதீசன் உஷாரானான்.

"நீ போயேன். செகந்திராபாத் ரயில்வே காலனியில வளர்ந்தவ. தெலுங்கு, ஹிந்தி எல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு."

"ஐஸ் நக்கோ, வைக்க வேணாம். உங்களுக்கு அப்படி என்ன தலைபோற வேலை?"

"மனுஷன் தலைவர் ஆகியே தீரணும்."

"அவ்வளவுதானே? ஆக்கிடலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பெண்டாட்டியை ஏய்த்துவிட்ட சந்தோஷத்தில் அவன் சீட்டியடித்தான். கீழே கூச்சல் காதைப் பிளந்தது. பிறகு அடங்கியது. பிறகு, நம்பவே முடியவில்லை, சிரிப்புச் சத்தம் கேட்டது. ரோகிணி கையில் இனிப்புத் தட்டோடு திரும்பினாள்.

"எப்படி சமாளிச்சே?"

"நம்ம ராவ் காரு இருக்காரே, அந்தப் பெரியவருக்குத் தெலுங்கு மட்டும்தான். முகர்ஜி அம்மாவுக்கு அது புரியாது. நடுவுல நான். அவர், 'இந்தம்மா மோட்டார் போட்டுத் தண்ணி திருடுது'ன்னார். 'கைக்குழந்தை இருக்கே, தண்ணி பத்துதான்னு கேக்கறார்'னேன். அந்தம்மா ஹிந்தியில, 'கிழவனுக்கு வேற வேலை இல்லையா'ன்னாங்க. 'இந்த வயசுல உங்களுக்கு ஏன் சிரமம்கறாங்க'ன்னேன். மனுஷன் கண் கலங்கிட்டார்."

"ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க சும்மாவா இருந்தாங்க?"

"வாயே திறக்கல. யாருக்குங்க சண்டை வேணும்?"

ஜகதீசனுக்குப் பொறி தட்டியது. வால்காரன் திட்டுவான், செதில்காரன் சபிப்பான். நடுவில் மனிதன் அதைக் குசல விசாரிப்பாக மாற்றிச் சொல்வான். அண்டம் பிழைக்கும். எழுத எழுத, தன் இனத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. அனுப்பிய அன்றிரவே மலராசிரியர் பாலசுப்ரமணியன் படித்துவிட்டு, "கண்டிப்பா போடறோம்" என்று போனில் சொன்னார். ஜகதீசன் சமையலறைக்கு ஓடினான்.

"கதை தேறிடுச்சு ரோகிணி. மனுஷன்தான் தலைவர்."

"இங்கேயும் அப்படித்தான். அப்பார்ட்மென்ட் தலைவரா உங்களை ஏகமனதா தேர்ந்தெடுத்தாச்சு."

"என்னையா? ராவ் காரு என்னை உதவாக்கரைன்னுல்ல சொல்வார்?"

"சொன்னார். மத்தவங்ககிட்ட, 'ஜகதீசன் தங்கமான ஆள்'னு சொன்னேன்."

"நான் ஒத்துக்கவே இல்லையே."

"'மனுஷன் தலைவர் ஆகியே தீரணும்'னீங்களே. அதை அவங்க பாஷையில எடுத்துச் சொன்னேன். சீக்கிரம் படுங்க. விடிகாலை நாலு மணிக்கு டேங்கர் வரும், தலைவர்தான் குழாயைப் பிடிக்கணும்."