ஒன்பது பேர் விழுங்கிய என் மாத்திரை

பிரிஸ்பேனில் இருக்கும் தங்கை மெரியானாவுக்கு, ரோட்டோருவாவிலிருந்து அண்ணன் டூரோவா சொல்லச் சொல்ல உன் அண்ணி எரானா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், ஏரியும் சுகம். உன் முழங்காலும் அவ்வாறே இருக்கக் கோருகிறேன்.

நிற்க. அக்டோபரில் நம் குலத்தின் புதுக் கூடம் திறக்கிறார்கள். நானும் காலமான அக்காவின் மகன் தாமாஹோவும் வேப் என்கிற மின்சாரப் புகைக்குழல் ஊதுகிறவர்கள்; இருவரில் எவன் அந்தப் பழக்கத்தை விடுகிறானோ அவனுக்கே வரவேற்புரை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். போன தடவை முன்னோர் பெயர்களுக்கு நடுவே நான் புகை விட்டேனாம், மாம்பழ வாசனையாம். அதனால், வேப்பை விடவைக்கும் செடி மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டுப் போய்ப் பெயர் கொடுத்தேன். நம் கோவாய் மர விதையில் இருக்கும் சரக்கேதான் அதிலும். 1958இல் அந்த விதையை விஷமென்று அம்மா உன் வாயிலிருந்து விரல்விட்டுத் தோண்டினாளே, செவ்வாய்க்கிழமை, மழை.

நர்ஸ் வைமாரியா ஒரு புட்டி மாத்திரையும், அன்றன்று விழுங்கியதை எழுத ஒரு நோட்டும் தந்தாள். எனக்கு எழுத்து எந்தக் காலத்தில் வந்தது? மனசிலேயே வைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைத்துவிட்டுத் தனியாக வாயில் போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டா? எல்லாருக்கும் நீட்டினேன். இருபத்தைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டைக் கேட்டாள். எழுந்து கோலை ஊன்றி, எந்த நாள் யார் யார் விழுங்கினார்கள் என்று வம்சம் சொல்கிற மாதிரியே சொன்னேன். ஒரு பெயரை விட்டாலும் அந்தக் குடும்பத்துக்கே அவமானம், ஒன்றையும் விடவில்லை. நான்காம் நாளுக்கு வருவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, நீங்க எத்தனை முழுங்குனீங்க?"

"நாலு. மிச்சம்தான் பட்டியல்ல வருதே."

உரை முடிந்தால் நம் வழக்கப்படி பாட்டு வேண்டுமே. எரானா எடுத்துக் கொடுத்தாள். காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து பாடினார்கள், காலில் மாவுக்கட்டுப் போட்டவர் உட்பட. நர்ஸும் பாடினாள், போனில் மேலிடத்தைக் கூப்பிட்டபடியே.

இப்போது என் மாத்திரையை விழுங்கிய ஒன்பது பேரும் வேப்பை விட்டுவிட்டார்கள், தாமாஹோவும் அதில் ஒருவன். நான் மட்டும் விடவில்லை. நேற்று தாமாஹோ வந்து, "மூச்சு நல்லா நீளுது மாமா, உங்க இடத்துல நின்னு பேசத்தான் கூச்சமா இருக்கு" என்றான். அது என் மாத்திரை தந்த மூச்சு. ஆகவே பெரியவர்களுக்கு நீ போன் போட்டு, இடம் டூரோவாவுக்கே என்று சொல்.

உன் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும், மருமகனுக்கு வேலை நிலைக்கட்டும்.

அன்புள்ள அண்ணன்,
டூரோவா

பி.கு.: போன் போடாதே. நர்ஸ் வந்துவிட்டுப் போனாள். ஒன்பது பேர் விழுங்கியதால் பயந்துபோய் விசாரித்தார்களாம். என் புட்டியில் மருந்தே இல்லையாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் தருவார்களாம். இது தெரிந்தால் தாமாஹோ நாளைக் காலையே குழலோடு நிற்பான். அப்புறம் இருவரும் சமம், மூத்தவன் என்று இடம் எனக்கு வரும். ஒரு மணி நேரம் யோசித்தேன். நர்ஸையும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லியாயிற்று. இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. உரையில் ஏழாவது பாட்டனுக்கு மேலே பெயர் தெரியாமல் அவன் முழிக்கும்போது, பின்வரிசையிலிருந்து இருமுகிற சாக்கில் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.